காரின் மேல் யார் போட்ட கோலம்?

சென்ற வாரம் ஊறுகாய் ஜாடியில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க வழி சொல்லியிருந்தேன். இந்த வாரம் கார். "கார் சமாசாரம் ஆண்பிள்ளைகளுடையது, நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! கார் இல்லாத வீட்டுக்காரர்களும் படிக்கலாம். ஏனென்றால் இந்த விவகாரம் ஆரம்பித்தது காரில் என்றாலும், போய் முடிந்தது என் வீட்டுக் கந்தல் துணி மூட்டையில். அப்படி ஒரு மூட்டை இல்லாத வீடு உண்டா, சொல்லுங்கள்?

எங்கள் வாசம் இரும்புலியூரில். தாம்பரம் தாண்டியதும் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து மதுரவாயல் பக்கம் பைபாஸ் ரோடு பிரிகிறதே, அதற்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு தெரு. இரவும் பகலும் லாரிகள். தூசிக்குப் பஞ்சமே கிடையாது. காலையில் துடைத்த மேஜையில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம்.

எங்கள் வீட்டுக்காரர் 2017-ல் ரிடையர் ஆனார். வந்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்து ஒரு கார் வாங்கினார். "வெள்ளை வாங்குங்கள், கறுப்பு வேண்டாம்" என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். "கறுப்பில்தான் ஒரு கம்பீரம் இருக்கிறது. உனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டார். முப்பத்தைந்து வருஷமாக எனக்குத் தெரியாத விஷயங்களின் ஜாபிதாவில் அதுவும் ஒன்றாகச் சேர்ந்தது.

காரைத் துடைக்க ஒரு பையன் வருவான். எங்கள் தெருவில் நான்கு வீட்டுக் கார்களைத் துடைத்துவிட்டுக் காலேஜுக்குப் போகிறவன். வீட்டுக்கு மாதம் ஐந்நூறு ரூபாய். ஐந்தரை மணிக்கு வாளிச் சத்தம் கேட்டால் பால் வரப்போகிறது என்று அர்த்தம். அப்படி ஒரு ஒழுங்கு.

இந்த வருஷம் தை மாதம் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போய்விட்டு இரவு பத்து மணிக்குத் திரும்பினோம். எங்கள் வாசலுக்கு எதிரே புதிதாக வெள்ளை விளக்கு போட்டிருந்தார்கள். காரை நிறுத்திவிட்டு இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். பானெட்டின் மேல் விளக்கின் பிம்பம் விழுந்திருந்தது. அந்தப் பிம்பத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக, சிலந்திவலை மாதிரி, ஆயிரம் கீறல்கள்!

"எவனோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறான்!" என்றார் இவர். குரலே மாறிவிட்டது.

மறுநாள் ஐந்தரை மணிக்குப் பையன் வந்தான். இவர் அவனைப் பிடித்துக்கொண்டார். "கையிலே என்னடா வெச்சுத் தொடைக்கிறே? சாணைக்கல்லா?" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சத்தம். பையன் தலையைக் குனிந்துகொண்டு, "எப்பவும் போலத்தான் ஐயா தொடைச்சேன்" என்று மட்டும் சொன்னான். அந்த மாதச் சம்பளம் கிடையாது, இனிமேல் வரவும் வேண்டாம் என்று இவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். வாளியைக் கவிழ்த்து வைத்து, துணியை அதன் மேல் மடித்துப் போட்டுவிட்டுப் போனான். நான் கோலமாவுக் கிண்ணத்தோடு அங்கேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அந்த வாரத்துக்குள் இன்னும் இரண்டு வீடுகளில் அவனை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது. அதுவும் பாத்திரம் தேய்க்கும்போது!

நீங்களும் இப்போதே செய்து பாருங்கள். நன்றாகப் பழகிய எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து ஒரே ஒரு பல்புக்கு நேராகப் பிடியுங்கள். பல்பின் பிம்பத்தைச் சுற்றி வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் மின்னுகிறதா? சரி, இப்போது தட்டைக் கொஞ்சம் நகர்த்துங்கள். வட்டமும் கூடவே நகர்கிறதல்லவா? யாராவது தட்டில் வட்டமாகக் கீறியிருந்தால் கீறல் இருந்த இடத்திலேயே அல்லவா இருக்கவேண்டும்? விளக்கின் பின்னாலேயே ஓடுவானேன்?

விஷயம் இதுதான். கீறல்கள் நாலா திசையிலும் கிடக்கின்றன. குறுக்கு, நெடுக்கு, சாய்வு, எல்லாம். ஆனால் விளக்கின் பிம்பத்தைப் பார்க்கக் குறுக்கே படுத்திருக்கும் கீறல்கள் மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன. மற்றவை கண்ணுக்குப் படுவதில்லை. அப்படிக் குறுக்கே படுத்தவற்றை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் வட்டமாகத் தெரிகிறது. ஆகவே யாரும் உட்கார்ந்து வட்டம் வட்டமாகத் தேய்க்கவில்லை. வருஷக்கணக்காக, நாள்தோறும், துளித் துளியாகச் சேர்ந்த கீறல்கள் அவை. வெயில் நேராக விழும்போதும், ஒற்றை விளக்கின் கீழும்தான் தெரியும். அதுவும் கறுப்பில் நன்றாகவே தெரியும். வெள்ளைக் காரிலும் இருக்கும், மறைந்துகொண்டிருக்கும். (கறுப்பு வேண்டாம் என்று சொன்னது யார்? நிற்க.)

தட்டை எடுத்துக்கொண்டு போய் இவரிடம் காட்டினேன். இவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். "தட்டு வேறே, கார் வேறே" என்றார். ஆனாலும் அன்று முழுவதும் பேச்சில் சுருதி குறைந்திருந்தது.

கீறலைப் போக்க வேண்டுமே! முதலில் இவர் ஒரு பளபளப்பான கடைக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனார். "இரண்டே மணி நேரம் சார், கண்ணாடி மாதிரி ஆக்கித் தருகிறோம்" என்றார்கள். அப்படியே ஆக்கியும் தந்தார்கள். நானே பானெட்டில் பார்த்துப் பொட்டைச் சரி செய்துகொண்டேன் என்றால் பாருங்களேன்! மூன்று தடவை கழுவினோம். நான்காவது வாரம் சிலந்திவலை பழைய இடத்துக்கே குடிவந்துவிட்டது.

பிறகுதான் காரணம் தெரிந்தது. கீறலில் எண்ணெய்ப் பசையுள்ள மெழுகுச் சரக்கை நிரப்பிவிட்டால் அது கண்ணுக்குத் தெரியாது. தரையில் விரிசல் இருக்கும் இடத்தில் பாயை விரித்த மாதிரி. ஷாம்பு பட்டுப் பட்டு அந்தச் சரக்கு கரைந்ததும் கீறல் வெளியே வந்துவிடும். நீங்கள் பாலிஷுக்குக் கொடுத்தால், வேலை முடிந்ததும் ஒரு சின்ன இடத்தில் தண்ணீர் கலந்த ஐஸோப்ரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து மெதுவாகத் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். டாக்டர் ஊசி போடுமுன் கையில் தடவுவார்களே, அந்த ஸ்பிரிட் ஜாதிதான். பசை இருந்தால் போய்விடும், உண்மை தெரிந்துவிடும். நேர்மையான கடைக்காரர் மறுக்கமாட்டார்.

அடுத்தபடியாக, தாம்பரத்தில் டிங்கரிங், பெயின்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒரு மேஸ்திரியிடம் போனோம். இந்தத் தடவை நானும் கூடப் போனேன். மேஸ்திரியின் தகப்பனார் பெருங்களத்தூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியில் பெயின்ட் பிரிவில் வேலை பார்த்தவராம். உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற அழகான கார் அங்கேதான் தயாராகி வந்தது. 1980-களின் கடைசியில் தொழிற்சாலை மூடப்பட்டது. "அந்தக் காலத்து வண்டிக்கு பாலிஷ் போட்டா துணியிலே வண்டியோட கலர் வரும்மா. சிவப்பு வண்டின்னா துணி சிவப்பு. இப்ப துணி வெள்ளையாவே இருக்கும். அதனாலே ஒண்ணும் தேயலைன்னு ஜனங்க நினைச்சுக்கறாங்க" என்றார்.

அவர் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறேன். 1923-ல் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியார் சீக்கிரம் உலரும் 'ட்யூகோ' பெயின்டைக் கொண்டுவந்தார்கள். நம் ஊர்த் தச்சர்கள்கூட மேஜை நாற்காலிக்கு 'ட்யூகோ அடித்தது' என்று சொல்வார்களே, அந்தப் பெயர்தான். அந்த நாள் கார்களில் நிறம்தான் மேல் தோல். இந்த நாள் கார்களில் அப்படி இல்லை. தகட்டின் மேல் துருப்பிடிக்காமல் காக்கும் பூச்சும் ப்ரைமரும், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கண்ணாடி போன்ற ஒரு பூச்சு. அதற்குக் கிளியர் கோட் என்று பெயர். பளபளப்பு அத்தனையும் அதில்தான். சிலந்திவலைக் கீறல்கள் விழுவதும் அதில்தான்.

அதன் கனம் எவ்வளவு தெரியுமோ? ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குக்கு ஒரு மைக்ரான் என்று பெயர். தொழிற்சாலையிலிருந்து வரும் காரில் எல்லாப் பூச்சும் சேர்ந்து சாதாரணமாக 100 முதல் 150 மைக்ரான். ஜெராக்ஸ் எடுக்கும் தாள் ஒன்று சுமார் 100 மைக்ரான். அதாவது கார் பெயின்ட் மொத்தமும் ஒரு தாள், மிஞ்சினால் ஒன்றரைத் தாள்! அதில் கிளியர் கோட் மட்டும் ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான். பாதித் தாள்கூட வராது. வெயிலின் கடுமையைத் தடுக்கும் மருந்தும் அந்தப் பாதித் தாளுக்குள்தான் கலந்திருக்கிறது.

இப்போது கீறலை அழிப்பது எப்படி என்று யோசியுங்கள். தரையில் ஒரு பள்ளம். அதைத் தூர்க்க வழியில்லை. பிறகு? சுற்றியுள்ள தரை முழுவதையும் பள்ளத்தின் அடிமட்டத்துக்கு இறக்கினால் பள்ளம் காணாமல் போய்விடும். இதுதான் பாலிஷ்! கீறலை நாம் எடுப்பதில்லை. கீறல் இல்லாத இடத்தைத் தேய்க்கிறோம். பொன் வளையலைப் பாலிஷுக்குக் கொடுத்தால் ஜொலித்துக்கொண்டு வரும், எடையும் ஒரு சிட்டிகை குறைந்திருக்கும். நமக்குத் தெரியாதா? லேசான பாலிஷுக்கு ஒன்று முதல் மூன்று மைக்ரான் வரை போகும். ஆழமான கீறலுக்குக் கரடான காம்பவுண்டு போட்டால் இன்னும் போகும். இரண்டு மூன்று தடவை தாங்கும். தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று போட்டுக்கொண்டிருந்தால் கிளியர் கோட் மெலிந்து, வெயிலில் உரிந்து, திட்டுத் திட்டாக வெளுத்துவிடும். அதன் பிறகு பாலிஷ் கிடையாது, புதுப் பெயின்ட்தான்.

மேஸ்திரி ஒரு சின்னக் கருவியை எடுத்தார். தகட்டின் மேல் வைத்தால் பூச்சின் கனத்தை எண்ணில் காட்டும். (பிளாஸ்டிக் பம்பரில் இது வேலை செய்யாது.) பானெட்டில் 112. கூரையில் 118. இடது பின் கதவில் வைத்தார். 264! மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தார். "இந்தக் கதவுக்கு மறுபடி பெயின்ட் அடிச்சிருக்கே, சார்?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் பட்டறைச் சுவரில் தொங்கிய முருகன் காலண்டரைப் பார்த்தார். மூன்று வருஷத்துக்கு முன் நான் பெண் வீட்டுக்குப் போயிருந்தபோது, கேட் தூணில் உரசி, சத்தம் போடாமல் சரிசெய்துகொண்டு வந்திருக்கிறார்! கருவிக்கு வீட்டு ரகசியம் காக்கத் தெரியவில்லை.

நான் வெற்றிப் புன்னகை பூத்துக்கொண்டிருந்தபோதே மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, வண்டியை எந்தத் துணியிலே தொடைக்கிறீங்க? எத்தனை வாளித் தண்ணி?"

சகோதரிகளே, அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் வரவில்லை.

2019-ஆம் வருஷக் கோடையை யார் மறப்போம்? செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு, ஆழ்கிணறுகள் கைவிட்டு, லாரித் தண்ணீருக்கு ராத்திரி கண்விழித்த நாட்கள். அப்போது கார் துடைப்பதற்கு முன்பு இருந்தவனிடம் நான் ஒரு சட்டம் போட்டேன்: "ஒரே வாளித் தண்ணீர்தான். அதற்குமேல் ஒரு செம்பு கேட்கக்கூடாது." பிறகு மழை வந்தது, கிணறு ஊறியது. சட்டத்தை மாற்றவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்து வந்த இந்தப் பையனும் அதே ஒரு வாளியில், அதே ஒரு துணியை முக்கி முக்கி, முழுக் காரையும் துடைத்தான். துணி? என் மூட்டையிலிருந்து நான் எடுத்துக் கொடுத்ததுதான். இவருடைய பழைய கால்சட்டைத் துணி, தையலோடும் பொத்தானோடும்! சில நாள் தண்ணீர் வராவிட்டால், "வெறும் துணியாலே ஒரு தட்டுத் தட்டிட்டுப் போப்பா" என்று சொன்னதும் இதே வாய்தான்.

அதில் என்ன கெடுதல் என்கிறீர்களா? நம் ரோட்டுத் தூசி என்பது வெறும் மாவு அல்ல. அதில் பொடிப் பொடியாக மணல் இருக்கிறது. மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்ற கல். பொருள்களின் கடினத்தைப் பத்துப் படியாகப் பிரித்து ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதில் குவார்ட்ஸுக்கு ஏழாவது படி, வைரத்துக்குப் பத்தாவது. குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறும். பாவம், பாதித் தாள் கனமுள்ள பூச்சு எம்மாத்திரம்? நம் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல்லிலும் குவார்ட்ஸ் உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறைக்கு இந்தப் பக்கத்துக் கல்தான் போயிற்று. 1893-ல் தாமஸ் ஹாலண்டு என்ற நிலவியல் நிபுணர் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, அவர் பெயராலேயே 'சார்னோக்கைட்' என்று பெயர் வைத்தார். நூற்றாண்டுகளுக்கு அழியாத கல்லறைக்கு ஏற்ற கல். அந்த மாதிரிக் கல்லின் பொடியை வெறும் துணியால் காரின் மேல் இழுத்தால் என்ன ஆகும்? பையன் உப்புத்தாள் எதுவும் கொண்டுவரவில்லை. தினமும் காலையில் நான்தான் அவன் கையில் உப்புத்தாளைச் செய்து கொடுத்திருக்கிறேன்.

மேஸ்திரி பாலிஷ் போட்டதை நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். பட்டறையில் கொடுக்கும்போது எதைக் கவனிக்கவேண்டும் என்று உங்களுக்கும் தெரிய வேண்டுமல்லவா?

முதலில் நன்றாகக் கழுவினார். பிறகு கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு தடவிப் பார்த்தார். வெறும் கையில் தெரியாத சொரசொரப்பு அப்படித் தெரியும். பூச்சில் ஒட்டிக்கொண்ட பொடிகளை, களிமண் மாதிரியான ஒரு கட்டியைச் சோப்புத் தண்ணீர் விட்டு மெதுவாக ஓட்டி எடுத்தார். பிறகு நகத்தால் ஒவ்வொரு பெரிய கீறலையும் வருடினார். "நகம் மாட்டினா அதைத் தொடக்கூடாதும்மா. அது ஆழத்துக்குப் போனது. அதை அழிக்கப் போனா பூச்சு போயிடும்" என்றார். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பூச்சு சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று அங்கெல்லாம் காகித டேப் ஒட்டினார்.

வண்டி நிழலில், தகடு குளிர்ந்திருக்கவேண்டும். வெயிலில் சுட்ட தகட்டில் பாலிஷ் போட்டால் சரக்கு காய்ந்துபோய்ப் புதுக் கீறல் விழும். பானெட்டில் ஒரு முழச் சதுரத்தில் மட்டும் முதலில் போட்டுப் பார்த்தார். மெல்லிய சரக்கில் போனால் கரடுக்குப் போகவே கூடாதாம். புது வீட்டில் மொஸைக் தரைக்கு மெஷின் ஓட்டியதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் கரட்டுக் கல், பிறகு நைஸ் கல். இங்கேயும் அதே முறைதான். சாணைச் சக்கரத்தில் இருக்கும் அலுமினியம் ஆக்ஸைடு என்ற சரக்கை மாவிலும் மாவாக அரைத்துக் களிம்பில் குழைத்திருக்கிறார்கள்.

மெஷினிலும் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று ஒரே சுற்றாகச் சுழல்வது. வேகமாக வெட்டும். ஆனால் கைப்பழக்கம் இல்லாதவர் பிடித்தால் ஒரே இடத்தைச் சுட்டுவிடும், வெயிலில் மேகம் மாதிரி நிழல் நிழலாகவும் தெரியும். மற்றொன்று சுழன்றுகொண்டே ஆடுவது. மெதுவானது, ஆபத்துக் குறைந்தது. மேஸ்திரி இரண்டாவதைத்தான் எடுத்தார். ஸ்பாஞ்சு வட்டில் பட்டாணி அளவு நான்கு பொட்டு. நெடுக்காக ஒரு தடவை, குறுக்காக ஒரு தடவை, இப்படி நாலைந்து முறை. துடைப்பது, விளக்குப் பிடித்துப் பார்ப்பது, அடுத்த சதுரம். ஒவ்வொரு கதவுக்கும் முன்னும் பின்னும் கருவியை வைத்து எண்ணைப் பார்த்துக்கொண்டார். பானெட்டில் 112 இருந்தது 110 ஆயிற்று. கடைசியில் மெழுகு.

மாலையில் பார்த்தபோது பத்தில் எட்டுக் கீறல் போயிருந்தது. "மிச்சமும் போகணும் மேஸ்திரி" என்றார் இவர். "விட்டுடுங்க சார். அந்த ரெண்டுக்காக வண்டியோட ஆயுசைத் தேய்க்கணுமா?" என்றார் அவர். கூலி அதிகம் கிடைக்கும் வேலையை வேண்டாம் என்று சொன்ன அந்த வார்த்தைக்காகவே அவரிடம் எனக்கு மதிப்பு வந்தது. "செராமிக் கோட்டிங் போடலாமா?" என்று இவர் கேட்டதற்கும், "போடலாம். ஆனா கழுவறது சரியில்லேன்னா அதிலேயும் கீறல் விழும்" என்றார்.

ஆகக்கூடி, கழுவும் முறைதான் மருந்து. குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாளி இரண்டு வேண்டும். ஒன்றில் கார் ஷாம்பு கரைத்த தண்ணீர், மற்றொன்றில் நல்ல தண்ணீர். ஒவ்வொரு தடவையும் துணியை நல்ல தண்ணீரில் அலசி மண்ணை இறக்கிவிட்டுத்தான் ஷாம்பு வாளியில் நனைக்கவேண்டும். முதலில் செம்பால் மேலிருந்து தண்ணீர் ஊற்றித் தூசியை ஓடவிட வேண்டும். கூரையில் ஆரம்பித்துக் கீழே வரவேண்டும். சக்கரத்துக்கு வேறு துணி, அது இதில் கலக்கவே கூடாது.

துணி மைக்ரோஃபைபர் துணியாக இருக்கட்டும். வேட்டி, புடவையோடு சேர்த்துத் துவைக்காதீர்கள், நூல் பிசிறு ஒட்டிக்கொள்ளும். துணியை மிருதுவாக்கும் திரவமும் வேண்டாம். தரையில் விழுந்த துணி அன்றைக்குக் காருக்கு ஆகாது.

நம் பக்கத்து ஆழ்கிணற்றுத் தண்ணீர் பல வீடுகளில் உப்பும் கடினமும் உள்ளது. தானாகக் காயவிட்டால் வெள்ளைப் பொட்டுகள் விழும். ஆகவே ஈரம் காயும் முன் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

தண்ணீர் இல்லாத நாளில் காரைச் சும்மா விட்டுவிடுங்கள். தூசி உட்கார்ந்திருப்பதால் கீறல் விழாது. அதை வெறும் துணியாலோ தூசி தட்டும் குஞ்சத்தாலோ இழுக்கும்போதுதான் விழுகிறது. தூசியோடு இருக்கும் காரின் மேல் உறை போட்டு மூடுவதும் கெடுதல். காற்றில் உறை ஆடி ஆடி அந்த வேலையைத் தானே செய்துவிடும்.

பாலிஷ் முடிந்து வந்த மறுநாள் சாயங்காலம் பையனின் வீட்டைத் தேடிப் போனேன். ஏரிப் பக்கத்துச் சந்தில் ஓர் அறை வீடு. அவன் அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உட்கார எனக்கு மனம் வரவில்லை. பிடித்த சம்பளத்தை அவன் கையில் கொடுத்து, "தப்பு உன்னோடது இல்லேப்பா. துணியும் நான் குடுத்தது, ஒரு வாளின்னு சொன்னதும் நான்தான்" என்றேன். அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு அன்னைக்கே தெரியும்மா. ஐயா கோவமா இருந்தாரு, சொன்னா நம்பமாட்டாருன்னு சொல்லலே" என்றான். எனக்கு உறைத்தது எது தெரியுமா? ஐயா நம்பமாட்டார் என்று அவன் சொன்னதுகூட அல்ல. அம்மா சொல்லியிருக்கலாமே என்று அவன் சொல்லாததுதான்.

அவன் வீட்டுப் படி ஏறியது சுலபம். மற்ற இரண்டு வீட்டுப் படிகளை ஏறியதுதான் கஷ்டம். "எங்கள் கார் கெட்டது என்னாலே" என்று அடுத்த வீட்டு மாமியிடம் போய்ச் சொல்வதென்றால் சும்மாவா? தட்டையும் கையோடு கொண்டுபோய் விளக்கில் காட்டினேன். ஒரு வீட்டில் மறுநாளே அவனை வரச் சொல்லிவிட்டார்கள். இன்னொரு வீட்டில் அதற்குள் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். அந்த ஐந்நூறு ரூபாய் அவனுக்குப் போனது போனதுதான். நம் வாய் திறக்க எடுத்துக்கொண்ட நாட்களுக்கு இன்னொருவர் கட்டிய வட்டி அது.

இப்போது எங்கள் வாசலில் ஐந்தரை மணிக்கு இரண்டு வாளிச் சத்தம் கேட்கிறது. நேற்றுக் காலை நான் கொடியிலிருந்து மைக்ரோஃபைபர் துணியை எடுத்து நீட்டினேன். பையன் வாங்கவில்லை. "இது கீழே விழுந்துச்சும்மா, நான் பார்த்தேன். வேறே குடுங்க" என்றான். இவர் திண்ணையில் பேப்பருக்குப் பின்னால் சிரித்தது எனக்குக் கேட்டது. கேட் தூணில் உரசியவருக்குச் சிரிப்பு வேறா!

அடுத்த வாரம் பித்தளைக் குத்துவிளக்கைப் பற்றி எழுதுகிறேன். அதற்குள் உங்கள் கந்தல் மூட்டையை ஒரு தடவை அவிழ்த்துப் பாருங்கள். பொத்தான் உள்ளது ஏதாவது இருக்கிறதா?